பயணத்தில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகமா?



ஆவணி முடிகிற காலத்திலிருந்து கார்த்திகை பிறக்கும் வரையில் நம் பங்கிலே பல வீடுகள் அவ்வப்போது பூட்டிக் கிடப்பதைக் காண்கிறோம். மேல்நாட்டார் இந்த மாதங்களை இலையுதிர் காலம் என்கிறார்கள். நமக்கோ இது வெயிலின் கடுமை சற்றே தணிந்து, ஐப்பசி மழையை வானத்தில் எதிர்பார்த்திருக்கும் காலம். இந்தக் காலத்தில் நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் மூன்று தடவை வீட்டைவிட்டுப் புறப்படுகின்றன.

ஆகஸ்டு 29-ந் தேதி வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. அன்று முதல் செப்டம்பர் 8-ந் தேதி தேவமாதாவின் பிறந்த திருநாள் வரைக்கும், காவி உடுத்திக் கால்நடையாகவும், பஸ்ஸிலும் வேனிலும், குடும்பம் குடும்பமாகப் போகிறோம். இது முதல் புறப்பாடு. பிறகு காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விட்டதும், பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல், முக்கொம்புக்கோ கல்லணைக்கோ பூண்டி மாதா கோயிலுக்கோ அல்லது அம்மாயி ஊருக்கோ ஒரு நடை போய்வருகிறோம். இது இரண்டாவது. நவம்பர் 2-ந் தேதி, மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியும் மெழுகுதிரிக் கட்டும் மாலையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். இது மூன்றாவது. தூரத்தில் இது மிகக் குறைந்தது. ஆனால் வீட்டில் ஒருவரும் மிஞ்சாமல் எல்லாரும் போவது இதற்குத்தான்.

இந்தப் புறப்பாடுகளைப் பற்றி ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கேள்வி சிறியதுபோலத் தோன்றும். ஆனால் இதற்கு நேர்மையாய்ப் பதில் சொல்லப் புகுந்தால் நம் ஆத்தும சோதனையில் பாதி முடிந்துவிடும். கேள்வி இதுதான்: பயணத்தில் நாம் நல்லவர்களாயிருக்கிறோமே, வீட்டில் ஏன் அப்படி இல்லை?

நடப்பதைப் பாருங்கள். யாத்திரை போகும் வழியில் பஸ் ஒரு மணி நேரம் தாமதம். தகப்பனார் ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து, பிள்ளைக்குக் கதை சொல்லுகிறார். மகன் தண்ணீர்ப் பாட்டிலைத் தவறவிட்டு மூட்டையை நனைத்துவிடுகிறான். "போனால் போகிறது, வெயிலில் காய்ந்துவிடும்" என்கிறார். மனைவிக்குக் கால் கொப்புளித்தால் தாமே எண்ணெய் தடவிவிடுகிறார். அக்காளும் தம்பியும் ஒரே பொட்டலத்துச் சுண்டலைச் சண்டையில்லாமல் பகிர்ந்து தின்கிறார்கள். மாமியாருக்கு மருமகள் கைகொடுத்து மணலில் நடத்திக்கொண்டு போகிறாள்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் அதே வீட்டைப் பாருங்கள். காலை ஏழரை மணி. தம்பி பாலைக் கொட்டிவிட்டான்; முதுகில் ஒன்று விழுகிறது. சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று அப்பா சத்தம் போடுகிறார். அம்மா பாத்திரத்தை ஓசை கேட்க வைக்கிறாள். மாமியார் யாரிடமும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். அக்காள் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. இதே நால்வர் ஐவர்தான் மூன்று நாளுக்கு முன் கடற்கரையில் ஒருவரையொருவர் தாங்கி நடந்தவர்கள். இவர்களுடைய உண்மையான முகம் எது?

இதற்குச் சாதாரணமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. சிலர், "வீட்டில் காட்டுவதுதான் நிஜமுகம், வெளியில் காட்டுவது ஊருக்காகப் போட்ட வேஷம்" என்கிறார்கள். மற்றவர்கள், "இல்லை, மனுஷன் சுபாவத்தில் நல்லவன், வயிற்றுப்பாடும் கடனும் வேலையும் அவனை வீட்டில் கடுகடுப்பாக்கிவிடுகின்றன, விடுமுறையில்தான் அவன் அவனாக இருக்கிறான்" என்கிறார்கள்.

முதல் பதில் அநியாயமானது. ஊரார் பார்க்கும்போது நல்லவர்போல நடந்துகொள்ளும் குணம் நம்மிடம் உண்டு என்பது மெய். ஆனால் யாத்திரிகர் கொட்டகையிலே, விளக்கணைத்த பிறகு, தூங்கும் பிள்ளைக்குக் கொசு கடிக்காமல் துண்டால் வெகுநேரம் வீசிக்கொண்டிருக்கிற தகப்பனை யார் பார்க்கிறார்கள்? அந்தக் கைவீச்சு வேஷமல்ல.

இரண்டாவது பதில் இனிக்கிறது. ஆகையால்தான் அதனிடம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அது நம்மை முழுவதும் விடுதலை செய்துவிடுகிறது. குற்றமெல்லாம் கடனுக்கும் முதலாளிக்கும் வெயிலுக்கும் போய்ச் சேர்கிறது, நமக்கு ஒன்றுமில்லை. வருஷத்தில் ஐந்து நாள் நல்லவனாயிருப்பவன், "நான் உண்மையில் நல்லவன்" என்று சொல்லிக்கொண்டு மற்ற முந்நூற்று அறுபது நாளும் வீட்டாரை வாட்டலாம் என்றாகிவிடும்.

அப்படியானால் சரியான பதில் என்ன? கிரேக்க ஞானி அரிஸ்தோத்தல், ஒழுக்கத்தைப் பற்றி எழுதிய தமது நூலின் இரண்டாம் புத்தகத்தில் இதற்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறார். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனாகிறான். யாழை வாசித்து வாசித்துத்தான் வாசிப்பவனாகிறான். அதேபோல் நீதியான செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்வதாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்பது அவர் கருத்து. புண்ணியம் என்பது ஒரு பழக்கம். அர்ச். தோமாஸ் அக்குவினாசும் இந்த அஸ்திவாரத்தின்மேல்தான் புண்ணியங்களைப் பற்றிய தமது போதனையைக் கட்டியிருக்கிறார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பயணத்தில் நாம் காட்டிய பொறுமை இன்னும் முழுப் புண்ணியம் ஆகவில்லை, பழக்கமாகவில்லை. ஆனால் அது பொய்யும் அல்ல. அது ஒரு சாட்சி. நீதிமன்றத்தில் ஒரு சாட்சி வந்து நிற்பதுபோல் அது வந்து நின்று, "இந்த மனிதனால் பொறுமையாயிருக்க முடியும், என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்லுகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் வெளியிலும், "என் சுபாவமே கோபம், சாமி, என்னால் முடியவில்லை" என்று சொல்லுகிறவர் பலர். வேளாங்கண்ணி வழியில் அவரால் முடிந்ததே! அங்கே முடிந்தது இங்கே முடியாது என்றால், குறை சுபாவத்தில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும்பும். அது நியாயமான மறுப்பு. "சாமி, பயணத்தில் வேலையில்லை, பள்ளிக்கூடமில்லை, மேலதிகாரியில்லை. கையிலும் கொஞ்சம் காசு இருக்கிறது. அங்கே நல்லவனாயிருப்பது சுலபம். வீட்டில் எத்தனை பாரம்!" இதில் பாதி உண்மை உண்டு. ஒரே பாரத்தைத் தினமும் சுமப்பது, ஒரு நாள் சுமப்பதைப்போல அல்ல. இதனால்தான் வீட்டில் கடைப்பிடிக்கிற பொறுமைக்குக் கடவுள் சமூகத்தில் விலை அதிகம்.

ஆனால் மற்றப் பாதியையும் பாருங்கள். பயணத்தில் பாரமில்லை என்று யார் சொன்னது? கால் கொப்புளம், தூக்கமின்மை, தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் வரிசை, கூட்டத்தில் இடிபடுதல், வாய்க்குப் பிடிக்காத சாப்பாடு, விலையோ இரட்டிப்பு. இவற்றில் ஒன்று வீட்டில் நேர்ந்திருந்தால் கூரை அதிர்ந்திருக்கும். ஆகவே பாரம் குறைந்ததனால் பொறுமை வரவில்லை. பாரத்தை நாம் ஏற்றுக்கொண்ட விதத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது.

பயணம் புறப்படும்போதே கஷ்டம் வரும் என்று கணக்கில் எழுதிவிடுகிறோம். வீட்டிலோ, எல்லாம் நம் இஷ்டப்படி நடக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஒரு தம்ளர் பால் கொட்டினாலும் நமக்கு யாரோ அநியாயம் செய்துவிட்டதாகத் தோன்றுகிறது. பயணத்தில் எல்லாரும் ஒரே இடத்துக்குப் போகிறோம் என்பது நினைவிலிருக்கிறது, பின்தங்கியவனுக்காக நிற்கிறோம். வீட்டில் அவரவர் தத்தம் வேலைக்கு ஓடுவதால், பின்தங்குகிறவன் நமக்கு இடைஞ்சலாகிறான். பயணம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தெரியும். அதனால் ஒவ்வொரு வேளையையும் மதிக்கிறோம். வீடு என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நினைக்கிறோம்.

இந்தக் கடைசி நினைப்பு சுத்தத் தப்பு. இன்று பால் கொட்டுகிற பிள்ளை பத்து வருஷத்தில் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விடுவான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிற அப்பாயிக்கு இன்னும் எத்தனை கார்த்திகை என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு கூரையின்கீழ் இந்த ஐந்து பேர் சேர்ந்திருக்கும் காலம், மொத்தம் கணக்குப் பார்த்தால், ஒரு நீண்ட பிரயாணந்தான்.

பழைய ஏற்பாட்டின் மக்களுக்கு ஆண்டவர் கட்டளையிட்ட திருநாட்களில் ஒன்று, இதே காலத்தில் வருகிறது. அதற்குக் கூடாரத் திருநாள் என்று பெயர். ஏழாம் மாதம் 15-ந் தேதி, அதாவது நம் கணக்குக்குச் செப்டம்பர் அக்டோபரில், நிலத்தின் பலனையெல்லாம் சேர்த்து முடித்தபின், ஜனங்கள் தங்கள் வீடுகளை விட்டு வெளியே வந்து, இலைதழைகளால் குடிசை போட்டு ஏழு நாள் அதில் குடியிருக்க வேண்டும். லேவியராகமம் 23-ம் அதிகாரத்தில் இதைக் காணலாம். களஞ்சியம் நிறைந்திருக்கிற சமயம் பார்த்து ஏன் குடிசைக்குப் போகச் சொன்னார்? தங்கள் முன்னோர் எகிப்திலிருந்து வந்த வழியில் கூடாரங்களில் வாசம் செய்ததைப் பின்சந்ததியார் மறவாதிருக்கும்படி என்று அந்த அதிகாரமே காரணம் சொல்லுகிறது. இலைக் கூரையின்கீழ் ஏழு நாள் படுத்தவன் எட்டாம் நாள் வீட்டுக்குள் நுழையும்போது, அந்தச் சுவரும் கதவும் தனக்குத் தானாக வந்ததல்ல, கொடுக்கப்பட்டது என்று அறிந்து நுழைவான். வெளியே போய்வருவதால் வீட்டைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதே திருநாளைப் பற்றி உபாகமம் 16-ம் அதிகாரம் சொல்லுவது நம் மனச்சாட்சியை இன்னும் கூர்மையாய்த் தொடவேண்டும். யார் யார் சந்தோஷமாயிருக்க வேண்டும் என்று அங்கே பெயர்ப்பட்டியல் போட்டிருக்கிறது: வீட்டுத் தலைவன், மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை. குடும்பத்தின் சந்தோஷத்தில் எவரும் விட்டுப்போகக் கூடாது என்பது சட்டம்.

நம் பட்டியலை இதோடு ஒத்துப் பாருங்கள். முக்கொம்புக்குப் போக வேண்டுமென்றால் அம்மா காலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறுகிறாள், உருளைக்கிழங்கு வறுக்கிறாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறாள், தூக்குவாளி, பாய், துண்டு எல்லாம் எடுத்து வைக்கிறாள். அங்கே போனதும் இலை போட்டுப் பரிமாறுகிறாள். மற்றவர்கள் தண்ணீரில் இறங்கி விளையாட, அவள் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவல் இருக்கிறாள். இரவு வீடு திரும்பி எல்லாரும் படுத்த பிறகு எண்ணெய்ப் பாத்திரங்களைத் துலக்குகிறாள். மறுநாள், "நேற்று ரொம்ப நன்றாயிருந்தது" என்கிறோம். யாருக்கு நன்றாயிருந்தது? அவள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேலை செய்த நாளை நாம் விடுமுறை என்று பெயரிட்டிருக்கிறோம். அன்றைய சோற்றைக் கடையில் வாங்க வசதியில்லாவிட்டால், கணவனும் பெரிய பிள்ளைகளும் முந்தின இரவே காய் நறுக்கலாம். பாத்திரத்தை மகன் துலக்கினால் அவன் ஆண்மைக்கு ஒரு குறைவும் வராது. தாயும் ஒரு தடவை ஆற்றில் கால் நனைத்து உட்காரட்டும்.

வீட்டைக் காக்க விட்டுவைக்கப்பட்ட அப்பாயியும் அந்தப் பட்டியலில் உண்டு. அவரால் நடக்க முடியாது என்பது உண்மையானால், அவர் நடக்கக்கூடிய தூரத்துக்கு ஒரு புறப்பாடு ஏற்பாடு செய்வதுதான் முறை. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்கும் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது. நாம் ஊருக்குப் போகும் மூன்று நாளைக்கு அவள் சம்பளத்தைப் பிடிக்கிறவர்கள் இருந்தால், உபாகமத்தை மறுபடியும் வாசிக்கட்டும்.

விளையாட்டும் உல்லாசமும் கிறிஸ்தவர்களுக்கு ஆகாது என்று நான் சொல்லுவதாக ஒருவரும் நினைக்க வேண்டாம். அர்ச். தோமாஸ் தமது பெரிய வேதசாஸ்திர நூலின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், 168-ம் கேள்வியில் இதைத் தனியே ஆராய்கிறார். அங்கே அவர் எடுத்துக்காட்டுகிற பழைய கதை அழகானது. அப்போஸ்தலரான அர்ச். அருளப்பர் தம் சீஷர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல் அடைந்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து, அம்பு எய்யச் சொன்னார். அவன் பலமுறை எய்தான். "இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருப்பாயா?" என்று கேட்டார். "எய்தால் வில் ஒடிந்துவிடும்" என்றான் அவன். மனித மனமும் அப்படியே, தளர்த்தாமல் வளைத்தே வைத்திருந்தால் ஒடிந்துவிடும் என்று அருளப்பர் விளங்கவைத்தார். அளவோடு களிப்பதை அர்ச். தோமாஸ் ஒரு புண்ணியமாகவே கணக்கிடுகிறார். அதே இடத்தில் இன்னொன்றும் சொல்லுகிறார்: தானும் சிரிக்காமல், பிறர் சிரிப்பதையும் தடுத்து, மற்றவர்களுக்குப் பாரமாயிருப்பதும் ஒரு குற்றம். வீட்டில் எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் வில்லின் நாணைத் தளர்த்துவது எதற்கு? மறுபடியும் எய்வதற்கு. ஆகையால் ஒரு புறப்பாடு நல்லதா கெட்டதா என்பதை, அதற்குப் பின்வரும் வாரத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். போய்வந்த பின் வீட்டில் பேச்சு மென்மையானால் அது நல்ல புறப்பாடு. கந்துவட்டிக்குக் கடன் வாங்கி, வேன் பிடித்து, உற்றார் உறவினரையெல்லாம் அழைத்துப் போய்வந்துவிட்டு, பிறகு வருஷம் முழுதும் வட்டிக்காகக் கணவனும் மனைவியும் சண்டையிட்டால், இரண்டு நாள் சந்தோஷத்துக்கு முந்நூறு நாள் சமாதானத்தை விற்றதாகும்.

"நேர்ச்சை வைத்துவிட்டேனே, சாமி, பிள்ளைக்குக் காய்ச்சலாயிருந்தபோது மாதாவுக்குச் சொன்ன வார்த்தை" என்பீர்கள். நேர்ச்சை மதிப்புக்குரியது, விளையாட்டாய் மீறக்கூடாது. ஆனால் திருச்சபையின் போதனைப்படி, செய்யக்கூடியதும் அதிக நன்மையானதுமான காரியத்தைக் குறித்துத்தான் நேர்ச்சை செய்ய முடியும். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தை எடுத்து வேன் வாடகை கொடுப்பதை மாதா கேட்கவில்லை. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 1196-ம் பிரிவின்படி, தகுந்த காரணமிருந்தால், மற்றவர்களுக்குக் கிடைத்த உரிமைக்குப் பங்கம் வராமல், தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தம் பங்கு மக்களுக்கு விலக்களிக்கப் பங்குக் குருவுக்கு அதிகாரம் உண்டு. 1197-ம் பிரிவின்படி அதற்குச் சமமான அல்லது மேலான நற்செயலாக அதை நீங்களே மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. இதனால் மனம் பாரப்பட்டிருப்பவர்கள் பயமில்லாமல் என்னிடம் வந்து பேசுங்கள்.

இன்னுமொரு காரியத்தைச் சொல்லக் கூசினாலும் சொல்லத்தான் வேண்டும். வருஷமெல்லாம் குடித்து மனைவியை அடித்துவிட்டு, திருநாளுக்குப் புதுச்சேலையும் வேளாங்கண்ணிப் பயணமும் கொடுத்துச் சரிக்கட்டுகிற வீடுகள் உண்டு. சரிக்கட்டியாகாது. அநீதிக்குப் பரிகாரம், அடித்தவன் மன்னிப்புக் கேட்டு அடிப்பதை நிறுத்துவதுதான், பயணச்சீட்டு அல்ல. அடிபடுகிற சகோதரியிடம் நான் பொறுமையைப் பற்றிப் பேசவில்லை. மேலே சொன்ன பொறுமை, பால் கொட்டினதற்கும் பஸ் தவறினதற்கும் உரிய பொறுமை. அவளைக் காப்பதற்கென்று 2005-ம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இருக்கிறது. அதன் துணையைத் தேடுவது பாவமல்ல. பங்குவீட்டுக் கதவும் திறந்திருக்கிறது.

இனி, நமக்கு மாதிரியான ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். சூசையப்பரும் தேவமாதாவும் ஆண்டுதோறும் பாஸ்காத் திருநாளுக்கு ஜெருசலேம் போவது வழக்கம் என்று அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். நசரேத்திலிருந்து ஜெருசலேம் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். மலையும் மேடும் கடந்து பல நாள் நடக்க வேண்டும். ஆண்டவருக்குப் பன்னிரண்டு வயதானபோது நடந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பும் வழியில் ஒரு நாள் தூரம் வந்தபின் பிள்ளையைக் காணோம். மூன்று நாளைக்குப் பிறகு தேவாலயத்தில் கண்டுபிடித்தார்கள்.

பெற்றோரே, அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மூன்று நாள் கழித்துச் சாவதானமாய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. நம் கை என்ன செய்யும்? தேவமாதாவோ ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறார்கள். தகப்பனும் தாமும் வேதனையோடு தேடினதைச் சொல்லுகிறார்கள். அடியில்லை, வசையில்லை, ஆனால் வருத்தத்தை மறைக்கவும் இல்லை. பிள்ளை பதில் சொல்ல இடம் கொடுக்கிறார்கள். அந்தப் பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று சுவிசேஷமே சொல்லுகிறது. விளங்காததையும் மாதா தம் இருதயத்தில் வைத்துக் காத்தார்கள். பிறகு என்ன நடந்தது? ஆண்டவர் அவர்களுடன் நசரேத்துக்குத் திரும்பிப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். அவர் தமது ஊழியத்தைத் தொடங்கியபோது வயது ஏறக்குறைய முப்பது என்கிறார் லூக்காஸ். எனவே அந்த ஒரு பிரயாணத்துக்குப் பின் பதினெட்டு வருஷம் வீடுதான்: தச்சுப்பட்டறை, தண்ணீர்க்குடம், மாவு, விறகு, சாயங்கால ஜெபம். மூன்று நாளைப் பற்றிப் பல வசனம் எழுதிய லூக்காஸ், பதினெட்டு வருஷத்தை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத அந்த வருஷங்களில்தான் ஆண்டவர் ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார்.

6-ம் சின்னப்பர் பாப்பரசர் 1964-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி நசரேத்துக்குத் திருயாத்திரையாகப் போனபோது, அந்த ஊர் உலகத்துக்குப் போதிக்கிற மூன்று பாடங்களாக மௌனம், குடும்ப வாழ்க்கை, வேலை ஆகியவற்றைக் குறிப்பிட்டார். மூன்றும் வீட்டுக்குள் இருப்பவை. யாத்திரை போன இடத்திலும் அவர் மனம் அன்றாட வீட்டைத்தான் நாடிற்று என்பது கவனிக்கத்தக்கது.

காரியத்தில் இதை எப்படிக் கொண்டுவருவது? கடினமான விரதம் ஒன்றும் நான் சொல்லப் போவதில்லை. மூன்று சின்னக் காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, பயணத்திலிருந்து வந்த அன்று இரவு, மூட்டை அவிழ்ப்பதற்கு முன் எல்லாரும் உட்காருங்கள். ஒவ்வொருவரும் மற்றவரிடம் தாம் கண்ட ஒரு நல்ல குணத்தைச் சொல்லட்டும். "அப்பா இன்றைக்குக் கோபித்துக்கொள்ளவே இல்லை" என்று பிள்ளை வாயால் கேட்ட தகப்பன், மறுநாள் காலையில் கை ஓங்கும்போது ஒரு கணம் யோசிப்பான்.

இரண்டாவது, காலை ஏழரை மணியை ஒரு பயணமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். இன்று ஏதாவது கொட்டும், ஏதாவது தொலையும், யாராவது பின்தங்குவார் என்று முன்கூட்டியே கணக்கில் வைத்து எழுந்திருங்கள். பின்தங்குகிற பிள்ளையின் கையைப் பிடித்துக் காலில் பூட்ஸை மாட்டிவிடுங்கள். மணலில் நீங்கள் அவனுக்காக நிற்கவில்லையா?

மூன்றாவது, வாரத்தில் ஒரு சாயங்காலம், செல்போன்களை ஒரு கூடையில் போட்டு மூடிவிட்டு, மொட்டை மாடியிலோ வாசலிலோ பாய் விரித்துச் சேர்ந்து சாப்பிடுங்கள். செலவில்லாத புறப்பாடு இது, அப்பாயியும் வரலாம். அக்டோபர் மாதத்தை ஜெபமாலைக்கென்று ஒதுக்கும்படி 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1883-ம் ஆண்டில் திருச்சபையைக் கேட்டுக்கொண்டார். அந்த மாதத்தில் இந்தப் பழக்கத்தைத் தொடங்கி, சாப்பாட்டுக்குமுன் ஐம்பத்துமூன்று மணி ஜெபத்தைச் சேர்ந்து சொன்னால், மழை மாதம் முழுதும் அது வீட்டில் நிலைத்துவிடும்.

நவம்பர் 2-ந் தேதி வரும். குளூனி மடாதிபதியான அர்ச். ஓதிலோ ஏறக்குறைய 998-ம் ஆண்டில் தம் மடங்களில் ஏற்படுத்திய வழக்கம் உலகமெங்கும் பரவி, நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, திரியேற்றி, அப்பாவின் கல்லறையருகே குடும்பமாய் நிற்பீர்கள். அப்போது அவரைப் பற்றிப் பேசுவதைக் கவனியுங்கள். அவர் நம்மை எந்தெந்த ஊருக்கு அழைத்துப் போனார் என்பதை ஒன்றிரண்டு சொல்லுவோம். ஆனால் அதிகமாய் நினைவுக்கு வருவது, மீன்குழம்பில் நடுத்துண்டை எடுத்து அம்மா இலையில் வைப்பது. மழையில் நனைந்து வந்த நம் தலையைத் துவட்டிவிட்டது. அல்லது, ஐயோ, நாம் அவருக்குப் பயந்து கதவிடுக்கில் நின்றது. இந்த இரண்டில் எதை நம் பிள்ளைகள் நம் கல்லறையருகே சொல்லவேண்டும் என்பதை நாம் இன்றைக்கே, நம் வீட்டு அடுப்படியிலும் முற்றத்திலும், தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம்.

புறப்படும் குடும்பங்கள் ஞாயிறு பூசைக்குப் பின் ஆசீர்வாதம் பெற்றுச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் ஒருமுறை கோயிலுக்கு வாருங்கள். அந்த ஆசீர்வாதம் வீட்டுக்குத்தான் அதிகம் தேவை.

ஆண்டவரில் உங்கள்,
பங்குக் குரு